யாருடைய கண்ணியம்? உதவியுடனான தற்கொலையும் செய்தி மொழியும்

[திரையில்: 1989, ஜார்ஜியா, அமெரிக்கா]

மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்து, செயற்கைச் சுவாசக் கருவியுடன் வாழ்ந்த லாரி மெக்காஃபி, அந்தக் கருவியை நிறுத்தித் தம்மைச் சாக விடுமாறு 1989இல் நீதிமன்றத்தைக் கேட்டார். நீதிமன்றம் இசைந்தது. உடல் செயலிழந்ததால் வாழ்க்கை வெறுத்துவிட்டது என்று இதை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் விபத்துக்குப் பிறகு அவர் தம் விருப்பப்படி ஓர் இடத்தில் வாழவே முடியவில்லை. மருத்துவமனைக்கும் பராமரிப்பு இல்லத்துக்கும் இடையே மாற்றப்பட்டுக்கொண்டிருந்தார். மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர்கள் அவரைச் சந்தித்து, வெளியே வாழ்வதற்கான வழிகளைத் தேடினார்கள். கிடைத்த அனுமதியை அவர் பயன்படுத்தவே இல்லை.

சட்டப்படி இது சிகிச்சையை மறுக்கும் உரிமை. மருத்துவர் தரும் மருந்தை நோயாளி தாமே உட்கொண்டு இறக்கும் உதவியுடனான தற்கொலை வேறு. ஆயினும் செய்தியாளர் கேட்கத் தவறும் கேள்வி இரண்டிலும் ஒன்றுதான்: இவர் வெறுப்பது உடலையா, அந்த உடலோடு வாழ வைக்கப்பட்டிருக்கும் விதத்தையா?

[திரையில்: 'கருணைக்கொலை' என்ற சொல்]

நம் செய்திகள் எல்லாவற்றையும் இந்த ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றன. மருத்துவரே மருந்து செலுத்துவதும், மருத்துவர் எழுதித் தரும் மருந்தை நோயாளி தாமே உட்கொள்வதும் வெவ்வேறு. அதைவிட முக்கியமாக, நடந்தது கருணைதானா என்று வாசகர் யோசிப்பதற்கு முன்பே அந்தச் சொல் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. 'சக்கர நாற்காலியில் முடங்கினார்' என்பதும் அப்படித்தான். நாற்காலி ஒருவரை நடமாட வைக்கும் கருவி. அது இல்லாதபோதுதான் அவர் முடங்குகிறார். குளிக்கவும் உடுத்தவும் பிறர் உதவி தேவைப்படுவதைக் கண்ணியம் இழந்த நிலையாக ஒரு செய்தி வர்ணிக்கும்போது, அதே உதவியோடு அன்றாடம் வேலைக்குச் செல்லும் ஒருவர் அதை வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பதை எழுதியவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

இத்தகைய மரணத்தை நாடுவதற்குத் தாங்க முடியாத வலியே காரணம் என்ற எண்ணமும் இப்படிப் பரவியதே. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் உதவியுடனான தற்கொலையை அனுமதிக்கும் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அம்மாநிலத்தின் ஆண்டறிக்கைகளில் முன்னிற்கும் காரணங்கள், தன்னிச்சையாக இயங்க முடியாமற்போவதும் மகிழ்ச்சி தந்த செயல்களில் ஈடுபட முடியாமற்போவதும். வலியோ வலி குறித்த அச்சமோ அவற்றுக்கு மிகவும் பின்னால் வருகிறது. 'குடும்பத்துக்குச் சுமையாவேன்' என்ற கவலையும் பட்டியலில் உண்டு. உடல்நலமுள்ள இளைஞர் இதைச் சொன்னால் பதறிப்போய் உதவிக்கு ஆள் தேடுகிறோம். மாற்றுத்திறனாளி சொன்னால் 'துணிச்சலான முடிவு' என்று தலைப்பிடுகிறோம். தற்கொலையைப் பிரச்சினைக்குத் தீர்வாகக் காட்டாதீர்கள், ஒற்றைக் காரணத்தில் அடக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வகுத்த நெறிகள் இங்கே மட்டும் மறந்துபோவது ஏன் என்பது எனக்குப் புரியவில்லை.

இதை மதத்துக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் இடையிலான சண்டையாக மட்டும் காட்டும் வழக்கமும் உண்டு. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய வழக்கறிஞர் டயான் கோல்மன் 1996இல் தொடங்கிய 'நாட் டெட் யெட்' ('இன்னும் சாகவில்லை') அமைப்பு இந்தச் சட்டங்களை எதிர்க்கிறது. அதன் வாதத்துக்கு அடிப்படை மதம் அல்ல, சமத்துவம். இந்தச் சட்டங்களை ஆதரிக்கும் மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறார்கள். எனவே ஒரு மாற்றுத்திறனாளியை அழைத்துப் பேச வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்பதும் சரியல்ல.

[திரையில்: கனடா, 2016, 2021]

கனடா 2016இல் மருத்துவ உதவியுடனான இறப்பை அனுமதித்தபோது, இயற்கை மரணம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2021இல் அது நீங்கியது. மரணத்தை நெருங்காத மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. பொருத்தமான வீடு கிடைக்காமல் விண்ணப்பித்தவர்களைப் பற்றி அதன் பின் வெளியான செய்திகள், ஊடகம் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்கு எடுத்துக்காட்டு. 2025 மார்ச்சில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. குழு, இந்த விரிவாக்கத்தைத் திரும்பப் பெறுமாறு பரிந்துரைத்தது.

மரணத்தை நெருங்காத இந்தப் பிரிவினரின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் குறைந்தது 90 நாட்கள் வேண்டும் என்கிறது சட்டம். துன்பத்தைக் குறைக்கும் சேவைகளைப் பற்றி விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் அந்தச் சேவை அவர் கைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எனவே, இத்தகைய மரணத்தை எழுதப் போகும் செய்தியாளர் இரண்டு எண்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: சாவதற்கு அவர் எத்தனை நாட்கள் காத்திருந்தார், வீட்டுக்கு வந்து உதவும் ஓர் ஆளுக்காக எத்தனை நாட்கள் காத்திருந்தார்.