மாமியின்ர கணக்குக் கொப்பி

நடுவர் அவர்களே, சபையில இருக்கிற பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம். இலங்கையின்ர பொருளாதாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது தேயிலையும் உடுப்புத் தொழிற்சாலையுமோ, விமானமும் சுற்றுலாவுமோ எண்டு தலைப்பு. நான் விமானமும் சுற்றுலாவும் எண்ட பக்கம். எதிரணித் தம்பி நல்லாத்தான் கதைச்சவர். மலையகத்தில கொழுந்தெடுக்கிற அம்மாமாரின்ர உழைப்பைக் குறைச்சுச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனா தம்பி ஒண்டை விட்டிட்டார். உடுப்பு ஏற்றுமதியில வாற காசில பெரிய பங்கு துணியும் நூலும் வெளியில வாங்கவே திரும்பிப் போகுது. சுற்றுலாக்காரர் கொண்டு வாற காசு எங்கட ஒழுங்கைக்குள்ளயே நடந்து வருது.

எங்கட மாமி யாழ்ப்பாணம் நல்லூரில ரெண்டு அறை வாடகைக்கு விடுறா. அவவிட்ட ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருக்கு, அதில எல்லாக் கணக்கும் எழுதுவா. ஒருநாள் எடுத்துப் பாத்தன். "சுவிஸ் ஆக்கள் ரெண்டு பேர், மூண்டு நாள்" எண்டு மேல எழுதியிருக்கு, அதுக்குக் கீழ பாசையூர் மீன், முட்டை, அரிசிமா, தேங்காய் நாலு, பெட்சீட் தோய்ச்ச ஆள், பாத்றூம் பைப் திருத்தின பெடியன், நயினாதீவுக்குப் போக குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் ஓடின ஓட்டோ... எண்ணிப் பாருங்கோ, ரெண்டு பேர் வந்ததுக்கு எத்தினை வீட்டில அடுப்பு எரிஞ்சிருக்கு! இதில ஒருத்தரும் ஹோட்டல் முதலாளி இல்லை, எல்லாம் எங்கட சனம்.

இதையே நாட்டளவுக்குப் பெருக்குங்கோ. 2018ல 23 இலட்சம் பேருக்கு மேல வந்தவை, வருமானம் கிட்டத்தட்ட 4.4 பில்லியன் டொலர். நாங்கள் தீவு, பஸ்ஸில ஏறி ஒருத்தரும் வரேலாது, பிளேன் பறந்தாத்தான் ஆக்கள் வருவினம்.

"சுற்றுலாவை நம்பேலாது, ஒரு குண்டு வெடிச்சா முடிஞ்சுது" எண்டார் தம்பி. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பை ஆர் மறப்பம்? அந்த வருசம் வந்தவை 19 இலட்சமாக் குறைஞ்சினம், பிறகு கொரோனா, 2021ல 2 இலட்சமும் இல்லை. சரி, அப்ப என்ன நடந்தது? வாற டொலர் நிண்டுது, வெளிநாட்டில வேலை செய்யிற எங்கட ஆக்கள் அனுப்புற பணமும் குறைஞ்சுது, தப்பான வரிக்குறைப்பும் பழைய கடனும் வேற, எல்லாம் சேர்ந்து 2022 சித்திரையில வெளிநாட்டுக் கடனைக் கட்டேலாது எண்டு அரசாங்கமே அறிவிச்சுது. சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் கியூவில நிண்ட ஆக்கள் இந்தச் சபையிலயே இருக்கிறியள். கொழும்பில இருந்து தூர இடத்துக்குப் போற பிளேன் திருவனந்தபுரத்தில இறங்கி எண்ணெய் அடிச்சுக்கொண்டு போன காலம் அது! தேயிலை அப்பவும் ஏற்றுமதியானது, உடுப்பும் ஏற்றுமதியானது. ரெண்டும் இருந்தும் எங்களைத் தாங்கேலாமப் போச்சு எண்டா, இல்லாமப் போன அந்த டொலருக்கு எவ்வளவு பாரம் இருந்திருக்கும், நடுவர் அவர்களே? 2024ல திரும்பவும் 20 இலட்சம் பேருக்கு மேல வந்தவை, 3 பில்லியன் டொலருக்கு மேல வந்தது. விழுந்தது உண்மை, ஆனா இவ்வளவு கெதியில எழும்பின தொழில் வேற எது?

தெற்கில அம்பாந்தோட்டைப் பக்கம் இருக்கிற மத்தளை விமான நிலையத்தைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினவை. 2013ல திறந்து பிளேன் வராமல் நெல்லு அடுக்கி வைச்ச இடம்தான், நான் மறுக்கேல்ல. ஆனா ஆக்கள் போக விரும்புற இடத்துக்குத்தான் பிளேன் வரும் எண்டதுக்கு அதுவே எங்கட பக்கச் சாட்சி. எங்கட யாழ்ப்பாணத்துப் பலாலியைப் பாருங்கோ. 2019 ஐப்பசியில சர்வதேச விமான நிலையமாத் திறந்தது, இடையில கொரோனாவால நிண்டுது, 2022 மார்கழியில சென்னைப் பிளேன் திரும்ப வந்தது, 2025ல திருச்சியில இருந்தும் வரத் தொடங்கினது. முந்திச் சென்னையில இருந்து வாறவை கொழும்புக்குக் கிட்ட கட்டுநாயக்கவில இறங்கி இரவிரவா பஸ்ஸில வரவேணும், வயசான ஆக்கள் படுற பாட்டை நான் பக்கத்தில இருந்து பாத்தனான். இப்ப ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள வந்து இறங்கி மத்தியானச் சாப்பாட்டை இஞ்ச சாப்பிடலாம், அந்தச் சாப்பாட்டுக் காசும் இஞ்சதான்.

மணி அடிச்சிட்டியள், முடிக்கிறன். மாமியின்ர கொப்பியில 2020 பங்குனிக்குப் பிறகு வெறுந்தாள், மடிச்சு அலுமாரிக்கு மேல போட்டிட்டா. அந்தத் தாளெல்லாம் இப்ப நிரம்பிட்டுது. இந்த நல்லூர்த் திருவிழாவுக்கு ரெண்டு அறையும் புக் ஆகி, புதுக்கொப்பி வாங்கிக் கோடு போட்டு வைச்சிருக்கிறா.

நன்றி, வணக்கம்.