அடியைக் காட்டியது போதும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். தன்பாலீர்ப்பாளர்கள் மீதான வன்முறையைத் திரையில் அப்பட்டமாகக் காட்டுவது பார்வையாளரைத் திருத்துகிறதா, திருப்திப்படுத்தி வீட்டுக்கு அனுப்புகிறதா? இதுதான் இன்றைய தலைப்பு. திருப்திப்படுத்தித்தான் அனுப்புகிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். அப்படிப்பட்ட படத்தைப் பார்த்து அரங்கமே அழுதது என்றார். ஐயா, அழுததை நான் மறுக்கவில்லை. அழுத பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. திரையில் அடிக்கிறவன் எப்படி இருக்கிறான்? குடித்திருக்கிறான், கண் சிவந்திருக்கிறது, கையில் கட்டை வைத்திருக்கிறான். அவனைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்த அந்த நொடியிலேயே நான் நல்லவனாகிவிடுகிறேன்! என் பக்கத்து இருக்கையில் ஒரு தந்தை அழுகிறார். "ஏன்டா பெண்ணைப் போல நடக்கிறாய்" என்று மகனைத் தினமும் குத்திக்காட்டுகிறவர். கட்டைக்காரனோடு தன்னை அவர் ஏன் சேர்த்துப் பார்க்கப்போகிறார்? அவர் கையில்தான் கட்டை இல்லையே.

அதே அரங்கத்துக்கு அடுத்த வாரம் வேறொரு படம் வருகிறது. கொஞ்சம் நெளிந்து நடக்கும் ஒருவர் திரையில் தோன்றியதும் சிரிப்பு அள்ளுகிறது. போன வாரம் அழுதவர்களும் சிரிக்கிறார்கள். நகைக்கு நான்கு காரணம் சொன்ன தொல்காப்பியர் முதலில் வைத்தது எள்ளலை. அந்த எள்ளலில் தொடங்குவதுதான் கட்டையில் போய் முடிகிறது. முடிவைச் சோகக் காட்சி என்கிறார்கள், தொடக்கத்தை நகைச்சுவைக் காட்சி என்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்த திருநம்பி ஒருவரின் கொலையைச் சொன்ன 'பாய்ஸ் டோன்ட் க்ரை' 1999-இல் வந்தது. அமெரிக்கத் தணிக்கைக் குழு அதற்கு முதலில் ஆகக் கடுமையான தரச்சான்றைக் கொடுத்தது. காதலியின் இன்பம் திரையில் நீண்ட நேரம் தெரிகிறது என்பது ஆட்சேபங்களில் ஒன்று. தலையில் சுடும் காட்சிக்கு ஆட்சேபம் எழவில்லை. 2006-இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் அந்தப் படத்தின் இயக்குநர் கிம்பர்லி பியர்ஸ் இதைச் சொல்லியிருக்கிறார். இவர்கள் சாவதைப் பார்க்கலாம், மகிழ்வதைப் பார்க்கக் கூடாது!

சரி, அரங்கில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எதிரணி கணக்கெடுத்ததா? திருந்த வேண்டியவர்களை மட்டும்தான் எண்ணினார்கள். அடி வாங்கக்கூடியவனும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருக்கிறான். ஆங் லீ இயக்கிய 'ப்ரோக்பேக் மவுன்டன்', 2005-இல் வந்த படம். அதில் நாயகன் என்னிஸ் தன் சிறுவயதை நினைவுகூர்வான். ஒன்றாக வாழ்ந்த இரண்டு ஆண்களில் ஒருவரை அடித்துக் கொன்று போட்டிருக்கிறார்கள். ஒன்பது வயது என்னிஸையும் அவன் அண்ணனையும் தந்தையே அழைத்துக்கொண்டு போய் அந்தப் பிணத்தைக் காட்டுகிறார். கவனியுங்கள், அவர் செய்ததும் காட்டியதுதான்! பார்த்த பிள்ளைக்கு இரக்கம் பிறக்கவில்லை. பயம் பிறந்தது. வளர்ந்து ஆளான பிறகும், நேசித்தவனோடு ஒரு வீட்டில் வாழ அந்தப் பயம் அவனை விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, டயர் வெடித்த விபத்தில் அவன் நேசித்த ஜாக் இறந்ததாகத் தொலைபேசியில் செய்தி வருகிறது. ஜாக்கைச் சிலர் அடிப்பது சில நொடிகள் திரையில் மின்னி மறைகிறது. நடந்ததா, என்னிஸின் மனம் கற்பித்ததா? படம் சொல்வதில்லை. சிறுவயதில் பார்த்த பிணம் அவன் கண்ணுக்குள் இன்னும் கிடக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. அடியை விரிவாகக் காட்டும் ஒவ்வொரு படமும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தத் தந்தையின் வேலையைச் செய்கிறது.

"காட்டாவிட்டால் அப்படி நடக்கவே இல்லை என்பார்களே" என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, எனக்கும் அது உறுத்தியது. நான் மறைக்கச் சொல்லவில்லை. கேமராவைக் கொஞ்சம் திருப்பச் சொல்கிறேன். 1961-இல் பிரிட்டனில் வந்த 'விக்டிம்' படத்தில் ரத்தத்தைத் தேட வேண்டியிருக்கும். மிரட்டல் கடிதம், ஒரு புகைப்படம், வீட்டு கராஜ் கதவில் பெயிண்டால் எழுதிய ஒரு வசை, இவ்வளவுதான். ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய சட்டமே மிரட்டுகிறவனுக்குத் தீனி போடுகிறது என்று படம் காட்டியது. அப்போது, சட்டத்தை ஏற்றுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த பார்வையாளருக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது. அந்தச் சட்டம் 1967-இல் தளர்த்தப்பட்டது. படம்தான் தளர்த்தியது என்று சொல்லி நடுவரிடம் மாட்டிக்கொள்ள மாட்டேன்.

கோவலன் கொலையை இளங்கோவடிகள் எப்படி எழுதினார்? பெயர்கூட இல்லாத ஒரு களிமகன், அதாவது குடிகாரன், வாளை வீசுகிறான், கோவலன் விழுகிறான், சில அடிகளில் கதை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வருவது விசாரணை. பொய் சொன்னது யார், கேட்டறியாமல் கொல்லச் சொன்னது யார்? பொற்கொல்லனும் பாண்டியனும் வாளைத் தொடவே இல்லை. மதுரை எரிந்தது அவர்களால்தான்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒரு நிமிடம். அந்த ஒன்பது வயதுப் பையன் இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். படம் முடிந்து விளக்கு எரிகிறது. பக்கத்தில் அவன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். வீட்டுக்குப் போகும் வழியில், தன்னைப் பற்றி அவரிடம் அவன் வாய் திறப்பானா? அடுத்துப் பேச வருகிற எதிரணிப் பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும்.