நள்ளிரவு 2 மணிக்கு நீதிபதியின் கையெழுத்து! அமெரிக்கக் கவுண்டிகள் எதற்குப் பணம் கொட்டுகின்றன?

[திரை: இருட்டுச் சாலை, சிவப்பு நீல விளக்குகள், மூலையில் ஓடும் கடிகாரம்]

அதிகாலை மணி 2:08. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், 2010 அக்டோபர். வேக வரம்பை மீறி, நடுக்கோட்டையும் தாண்டித் தாண்டி வந்த ஒரு டிரக்கை ரோந்துக் காவலர் நிறுத்துகிறார். ஓட்டுநருக்குக் கண் சிவந்திருக்கிறது, நாக்கு குழறுகிறது. ஊதிக் காட்டச் சொன்னால் மாட்டேன் என்கிறார். காவலர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார். அங்கேயும் அவர் மறுக்கிறார். மறுத்தாலும் ரத்தம் எடுக்கிறார்கள். அப்போது மணி சுமார் 2:35. ரத்தத்தில் மதுவின் அளவு 0.154 சதவீதம் என்று முடிவு வந்தது. சட்டம் அனுமதிக்கும் அளவு 0.08. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஆள் மாட்டினார், கேஸ் முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்த ரத்த முடிவைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று கோர்ட் தள்ளிவிட்டது. காரணம் ஒன்றே ஒன்று. ரத்தம் எடுக்கக் காவலர் நீதிபதியிடம் வாரண்ட் வாங்கவில்லை. தேவையில்லை என்று நினைத்துவிட்டார்.

சரி, இன்றைய தலைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஓடிவிடாதீர்கள். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பட்ஜெட்டில் வரும் ஒரு வரி: "ரிமோட் எலக்ட்ரானிக் வாரண்ட் சிஸ்டம்", அதாவது நீதிபதியிடம் நேரில் போகாமலே காவலர் வாரண்ட் வாங்கும் கம்ப்யூட்டர் ஏற்பாடு. கேட்டதும் கொட்டாவி வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் உள்ளே போகப் போக, நீதிபதி ஒருவர் எத்தனை வினாடியில் கையெழுத்துப் போடுகிறார் என்பது வரை போய்விட்டது கதை.

[திரை: ஒரு கிளாஸ், மெல்ல இறங்கும் அளவு]

முதலில், ஏன் இவ்வளவு அவசரம்? ரத்தத்தில் உள்ள மது நமக்காகக் காத்திருக்காது. மணிக்குச் சுமார் 0.015 முதல் 0.02 வரை குறைந்துகொண்டே போகும். இரண்டு மணிக்கு 0.09 இருந்த ஆள், மூன்று மணிக்கு 0.07 பக்கம் வந்து நிற்பார். அதாவது குற்றவாளி ஒரு மணி நேரத்தில் நல்லவர் ஆகிவிடுவார்! பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சொல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் கணக்கைப் பிரித்து மேய்வதற்கு வாசல் திறந்தே இருக்கும்.

இப்போது பழைய முறையில் வாரண்ட் வாங்குவதை யோசித்துப் பாருங்கள். காவலர் முதலில் ஸ்டேஷனுக்குப் போய், என்ன பார்த்தேன், ஏன் சந்தேகம் என்று பிரமாணப் பத்திரம் தட்ட வேண்டும். டூட்டியில் இருக்கும் அரசு வழக்கறிஞரை எழுப்ப வேண்டும். பிறகு நீதிபதி வீட்டுக்கு வண்டியை விட வேண்டும். பெரிய கவுண்டியாக இருந்தால் அதுவே ஒரு நெடும் பயணம். காலிங் பெல். நீதிபதி நைட் டிரஸ்ஸில் கதவைத் திறக்கிறார். சத்தியப் பிரமாணம், கையெழுத்து, அப்புறம் மறுபடி ஆஸ்பத்திரி. இவ்வளவும் நடக்கும் வரை அந்த ரோந்து வண்டி ரோந்தில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பேர் மட்டுமே இரவுப் பணியில் இருக்கும் சின்ன கவுண்டிக்கு அது பெரிய ஓட்டை.

வரலாறு வேண்டுமா? ஒரே மூச்சில் சொல்கிறேன்: பிரிட்டிஷ் அதிகாரிகள் பொத்தாம்பொதுவான ஆணையைக் காட்டி யார் வீட்டிலும் நுழைந்த கோபத்தில் பிறந்தது 1791-இன் நான்காம் அரசியல் சட்டத் திருத்தம், அது தகுந்த காரணம், சத்தியப் பிரமாணம், எந்த இடம் எந்தப் பொருள் என்ற துல்லியம் மூன்றும் இல்லாமல் வாரண்ட் கிடையாது என்கிறது. போதும், நகரலாம்.

[திரை: சுருள் வயர் வைத்த பழைய டெலிபோன்]

ஆனால் இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க அனுமதி கொடுங்கள், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தொலைவில் இருந்தபடியே வாரண்ட் வாங்குவதைக் கண்டுபிடித்தது ஐபேட் தலைமுறை இல்லை. கலிஃபோர்னியா 1970-லேயே டெலிபோன் வாரண்ட்டை அனுமதித்துவிட்டது. மத்திய அரசின் நீதிமன்ற விதிகளில் 1977-இல் வந்தது. அந்த மத்திய விதியின் நடைமுறையைக் கேளுங்கள். அதிகாரி தன் கையில் இருக்கும் வாரண்ட்டை வார்த்தைக்கு வார்த்தை போனில் வாசிக்க வேண்டும். மறுமுனையில் நீதிபதி அதை அப்படியே தன் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆமாம், டிக்டேஷன்! பள்ளிக்கூடம் மாதிரி. எழுதி முடித்து நீதிபதிக்குத் திருப்தி என்றால், "என் பெயரை நீயே கையெழுத்தாகப் போட்டுக்கொள்" என்று அதிகாரிக்கு உத்தரவு கொடுப்பார். நீதிபதியின் கையெழுத்தைப் போலீஸ் போடுகிறது, அதுவும் சட்டப்படி! இதைப் படித்துவிட்டு நான் ஐந்து நிமிடம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மத்திய விதி மறுபடி மாறி, "டெலிபோன் அல்லது நம்பகமான வேறு மின்னணு வழி" என்று வாசல் அகலமானது. 2013-இல் நம் மிசௌரி வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மது குறைகிறது என்ற ஒரே காரணம் வாரண்ட்டைத் தவிர்க்கப் போதாது, ஒவ்வொரு வழக்கிலும் சூழ்நிலையைப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு. அதோடு சேர்த்துத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தனியாக ஒரு கருத்து எழுதினார். கேன்சஸில் ஒரு கவுண்டியில் காவலர்கள் நீதிபதியின் ஐபேடுக்கு மெயில் அனுப்புகிறார்கள், 15 நிமிடத்துக்குள் கையெழுத்து திரும்பி வருகிறது என்று அதில் எடுத்துக்காட்டினார். யூட்டாவில் 5 நிமிடத்திலும் கிடைத்திருக்கிறதாம்.

கவுண்டிகளின் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? "பக்கத்து வீட்டுக்காரன் 15 நிமிடத்தில் வாங்குகிறான், உனக்கு என்ன கேடு?" என்றுதான். இனிமேல் "நேரமில்லை ஐயா" என்று சொல்லும் காவலரிடம், "ஏன் உங்கள் கவுண்டியில் அந்த சிஸ்டம் இல்லை?" என்று கேட்க எதிர்த்தரப்புக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

[திரை: கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் கூட்டம், அரைத் தூக்கத்தில் பார்வையாளர்கள்]

பணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள். ஷெரிஃப் (கவுண்டி போலீஸ் தலைவர்), கோர்ட் கிளார்க், சிறை எல்லாமே பெரும்பாலும் கவுண்டி செலவு. யூட்டா மாதிரி மாநிலமே ஒரு சிஸ்டத்தைக் கட்டிக் கொடுத்தால் கவலை இல்லை. இல்லையென்றால் ஒவ்வொரு கவுண்டியும் தனித்தனியாக வாங்க வேண்டும். நீதிபதிக்கு டேப்லெட், ரோந்து வண்டிக்கு இணைய இணைப்பு, சத்தியப் பிரமாணத்துக்கு வீடியோ வசதி, மின்கையெழுத்து, கிளார்க் ஆபீஸ் பதிவேட்டோடு இணைப்பு. நிறுத்திய காரின் உள்ளே இருந்து, டேஷ்போர்டில் செருகிய போனைப் பார்த்து ஒரு காவலர் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யும் காட்சிக்குப் பின்னால் இவ்வளவு பில் இருக்கிறது.

யார் கட்டுவது? மத்திய அரசின் பைர்ன் நீதி உதவி மானியம், குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுப்பதற்கான சாலைப் பாதுகாப்பு மானியம் எல்லாம் உண்டு. 2021-இல் கொரோனா மீட்பு நிதியாக மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் கவுண்டிகளின் பங்கு மட்டும் 6,510 கோடி. ஆனால் 2024 முடிவதற்குள் எதற்கு என்று ஒதுக்கிவிட வேண்டும், 2026 முடிவதற்குள் செலவழித்துவிட வேண்டும் என்பது அப்போது போட்ட நிபந்தனை. சிக்கல் இங்கேதான். மானியம் ஒரு தடவை வரும், சாஃப்ட்வேர் லைசென்ஸ் வருடா வருடம் வரும். யானை தானமாக வந்தது, தீனி சொந்தச் செலவு!

இன்னொரு வேடிக்கை. மின்னணு வாரண்ட்டுக்காக வரிந்துகட்டிப் பிரசாரம் செய்கிற அமைப்புகளில் ஒன்று மதுபானத் தயாரிப்பாளர்களின் பணத்தில் நடக்கும் ஃபவுண்டேஷன். கவுண்டிகளுக்கு வழிகாட்டிக் கையேடுகூட வெளியிட்டிருக்கிறது. சரக்கும் அவர்களுடையது, வாரண்ட்டும் அவர்கள் தயவு!

[திரை: ஸ்டாப்வாட்ச்]

இப்போது நான் சொன்ன வினாடிக் கதை. காகிதக் காலத்தில் ஒரு நீதிபதி மனுவை எவ்வளவு நேரம் படித்தார் என்று யாருக்கும் தெரியாது. படித்தாரா என்பதே தெரியாது. கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும். எப்போது வந்தது, எப்போது திறந்தார், எப்போது அனுமதித்தார், எல்லாமே பதிவு. யூட்டா சிஸ்டத்தில் பதிவான 33,000-க்கும் மேற்பட்ட பரிசீலனைகளை எடுத்து ஆராய்ந்த ஒரு கட்டுரை ஹார்வர்டு லா ரிவியூவில் வந்தது. 93 சதவீதத்துக்கு மேல் முதல் தடவையிலேயே அனுமதி. திருத்தி மறுபடி அனுப்பியதையும் சேர்த்தால் 98 சதவீதம். ஒரு மனுவுக்கு ஆகும் நேரத்தின் இடைநிலை அளவு 3 நிமிடம். பத்தில் ஒன்று, திறந்து, படித்து, அனுமதித்து, எல்லாம் சேர்த்து 60 வினாடிக்குள்!

60 வினாடி. நீங்கள் இந்த வீடியோவின் முதல் காட்சியைப் பார்த்து முடிக்கும் நேரம். அதற்குள் ஒருவரின் வீட்டைச் சோதனை போடலாம், அல்லது போனைத் திறந்து பார்க்கலாம் என்று முடிவாகிறது.

உடனே "ரப்பர் ஸ்டாம்ப்!" என்று கத்த வேண்டாம், எனக்கும் அந்த ஆசை வந்தது. ரத்தப் பரிசோதனை மனு ஒரு அச்சுப் படிவம் மாதிரி, நூறு மனு பார்த்தவருக்கு ஒரு நிமிடம் போதலாம். அரைகுறை மனுக்களை வழக்கறிஞரே முன்கூட்டித் தடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் போகவே மாட்டேன் என்கிறது. நடுராத்திரி வீட்டு வாசலில் ஒரு காவலர் நின்றால், நீதிபதி அவர் முகத்தைப் பார்த்து நாலு கேள்வியாவது கேட்பார். போனில் ஒரு அறிவிப்பு வந்தால்? நாம் எல்லாரும் "விதிமுறைகளை ஏற்கிறேன்" பட்டனை எப்படி அழுத்துகிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள். என்னைக் கேட்டால், பணம் ஒதுக்கும் கவுண்டி கமிஷனர்கள் "எவ்வளவு ஓவர்டைம் மிச்சம்?" என்று கேட்கும்போதே, இந்த நேரப் பதிவுகளை வருடம் ஒரு முறை வெளியிட வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடலாம். அதற்குத் தனிச் செலவுகூடப் பெரிதாக இல்லை, தகவல் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

[திரை: ஃபைல் அலமாரி]

கடைசியாக அலபாமா, 2004. தன் வண்டியிலிருந்து ஏதோ எடுக்க ஷெரிஃப் ஆபீசுக்கு வந்த ஒருவர் மேல் வாரண்ட் இருக்கிறதா என்று ஒரு அதிகாரி விசாரிக்கிறார். பக்கத்து கவுண்டி கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்து "இருக்கிறது" என்கிறார். ஆளை மடக்குகிறார்கள், சட்டைப்பையில் போதைப்பொருள், வண்டியில் துப்பாக்கி. இதற்கிடையே கிளார்க் ஃபேக்ஸ் அனுப்ப அலமாரியைத் திறந்து காகிதத்தைத் தேடினால், காகிதமே இல்லை. அந்த வாரண்ட் ஐந்து மாதம் முன்பே ரத்தாகியிருந்தது. கம்ப்யூட்டரில் மட்டும் யாரும் அழிக்கவில்லை. தவறு தெரிய வந்தது பத்துப் பதினைந்து நிமிடத்தில். அதற்குள் கைது முடிந்துவிட்டது.

2009-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தச் சாட்சியம் செல்லும் என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? ஐபேடைப் பாராட்டிய அதே ராபர்ட்ஸ்தான்.

வாரண்ட் போட டேப்லெட் வாங்க மானியம் கிடைக்கும். ரத்தான வாரண்ட்டை அன்றன்றே அழிக்கும் கிளார்க்குக்கு எந்த மானியத்தில் சம்பளம்? நீங்கள் ஒரு கவுண்டி கமிஷனர், கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் எதற்கு ஓட்டுப் போடுவீர்கள்: டேப்லெட்டா, கிளார்க்கா? கமெண்டில் ஒரே வார்த்தை போதும். "இரண்டும்" என்று எழுதுபவர்கள் பட்ஜெட்டும் சேர்த்து அனுப்பவும்!