தன் கதைக்குக் காது கொடுக்காதவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மன் எழுத்தாளர் டபிள்யூ. ஜி. சேபால்ட் 2001-இல் வெளியிட்ட ‘ஆஸ்டர்லிட்ஸ்’ நாவலைப் பற்றி இன்று பேசுகிறேன். அதே ஆண்டு டிசம்பரில் அவர் கார் விபத்தில் இறந்துபோனார்.

1939. ஹிட்லரின் படை செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகருக்குள் வந்துவிட்டது. பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று யூதப் பெற்றோர்கள் அவர்களை ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா என்று பல நாடுகளிலிருந்தும் கிட்டத்தட்ட 10,000 குழந்தைகள் அப்படித் தப்பியது வரலாறு. அந்த ரயிலில் வந்த நாலரை வயதுப் பையன்தான் நாவலின் நாயகன் ழாக் ஆஸ்டர்லிட்ஸ். வேல்ஸில் ஒரு பாதிரியார் வீட்டில் வேறு பெயரில் வளர்கிறான். பள்ளிப் பரீட்சைக்கு முன்னால் தலைமையாசிரியர் கூப்பிட்டு, விடைத்தாளில் எந்தப் பெயரை எழுத வேண்டும் என்று சொல்லும்போதுதான் அவனுக்கே தன் நிஜப் பெயர் தெரிகிறது.

சரி, அதன் பிறகு தேடினானா? இல்லை. என்னை உலுக்கிய இடம் அதுதான். வளர்ந்து கட்டடக்கலை வரலாற்று அறிஞர் ஆகிறார். ரயில் நிலையங்கள், கோட்டைகள் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். ஆனால் அவருடைய படிப்பு 19-ஆம் நூற்றாண்டைத் தாண்டாது. பத்திரிகை படிக்க மாட்டார். வானொலியைக்கூடச் சில நேரங்களில் மட்டுமே போடுவார். தன் கதை எங்கே காதில் விழுந்துவிடுமோ என்று மனசு அவருக்கே தெரியாமல் காவல் காக்கிறது. இப்படிப் பாடுபட்டுக் காப்பாற்றுகிற மறதியை இவ்வளவு நுட்பமாக எழுதிய இன்னொரு நாவலை நான் படித்ததில்லை.

கடைசியில் காவலை உடைப்பதும் வானொலிதான். லண்டனில் ஒரு பழைய புத்தகக் கடை. சன்னமாக ரேடியோ ஒலிக்கிறது. சிறு வயதில் தனி ரயிலில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டதைப் பற்றி இரண்டு பெண்கள் பேசுகிறார்கள். ‘பிராக்’ என்று ஒரு கப்பலின் பெயர் வருகிறது. இது என் கதையும்தான் என்று அவருக்குப் பிடிபடுகிறது.

பிராக் போகிறார். சின்ன வயதில் அவரைப் பார்த்துக்கொண்ட வேரா அங்கேயே இருக்கிறார். பிரெஞ்சில் ஆரம்பித்த பேச்சு நடுவில் செக் மொழிக்குத் தாவுகிறது. சுத்தமாக மறந்துபோன அந்த மொழி அவருக்குப் புரிகிறது.

அம்மா அகாதா, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கே 1944-இல் நாஜிகள் எடுத்த பிரசாரப் படத்தின் மிச்சத்தை நான்கு மடங்கு மெதுவாக ஓடவிட்டு, அம்மாவின் முகத்தைத் தேடுகிறார். துள்ளலான இசை சாவு ஊர்வல இசைபோல இழுபடுகிறது. இவராக இருக்குமோ என்று ஒரு முகத்தைக் கண்டுபிடிக்கிறார். வேரா பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைக்கிறார்.

உண்மை தெரிந்தால் மனசு ஆறிவிடும் என்று எத்தனையோ கதைகள் சொல்கின்றன. சேபால்ட் அந்த ஆறுதலைத் தரவில்லை. பிராக்கிலிருந்து திரும்பிய பிறகுதான் ஆஸ்டர்லிட்ஸ் நொறுங்கிப்போய் மருத்துவமனையில் சேர்கிறார்.

ஆங்கிலத்தில் ஆந்தியா பெல்லின் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. பத்தி பிரிக்காமல் ஓடும் நடை, நடுநடுவே விளக்கம் இல்லாத புகைப்படங்கள். ஆரம்பத்தில் கோட்டை, ரயில் நிலையம் என்றே போகும். சலித்துக் கீழே வைத்துவிடாதீர்கள். இவ்வளவு பேசுகிற மனிதர் எதை மட்டும் பேசாமல் நழுவுகிறார் என்று கவனித்துக்கொண்டே படியுங்கள்.

நன்றி, வணக்கம்.