தப்பு ஸ்விங்கிலா, கிளப்பிலா?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு கோல்ஃப் ஆட்டம் இல்லை, கோல்ஃப் கிளப்பின் அளவெடுப்புதான்.

என் கையில் இருப்பது ஏழாம் நம்பர் அயர்ன், அதாவது இரும்புத் தலை வைத்த கிளப். நான் வலது கை ஆட்டக்காரன். ரொம்ப நாளாக இதில் அடிக்கும் பந்தெல்லாம் இலக்குக்கு இடது பக்கமே போய் விழுந்தது. ஸ்விங்தான், அதாவது கிளப்பை வீசும் விதம்தான், கோணல் என்று முடிவு கட்டி, கையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிப் பிடிக்கப் பழகினேன். இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் இந்தச் சோதனை. பந்தில் மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு. கோடு செங்குத்தாக, கிளப்பின் முகத்தைப் பார்த்தபடி இருக்கவேண்டும். அடித்தால் மை முகத்தில் ஒட்டிக்கொள்ளும். இதோ, கிட்டே காட்டுகிறேன். முகத்தில் உள்ள பள்ளக் கோடுகளுக்கு இது நேர்ச்செங்குத்தாக விழுந்திருக்க வேண்டும். என்னுடையதில் மைக்கோட்டின் மேல்முனை டோ பக்கம், அதாவது தண்டிலிருந்து தள்ளியிருக்கும் முகத்தின் முனைப் பக்கம், சாய்ந்திருக்கிறதா? அடிபடும் நொடியில் டோ மேலே தூக்கி நிற்கிறது என்று அர்த்தம். லை ஆங்கிள், அதாவது கிளப்பின் தண்டு தரையோடு செய்யும் கோணம், எனக்கு அதிகம். முகம் இடது பக்கம் பார்க்கிறது, பந்தும் அங்கேயே போகிறது.

சும்மா நின்றபடி அளந்தால் இது பிடிபடாது. ஸ்விங்கில் கை சற்று உயரும், ஷாஃப்ட், அதாவது தண்டு, கீழ்நோக்கி வளையும்; டோ இறங்கும். அதனால் நிற்கும்போது டோ லேசாகத் தூக்கியிருப்பதே சரி. அடித்துப் பார்த்துத்தான் அளக்கவேண்டும். லாஃப்ட், அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, கூடக் கூட இந்தப் பிழை பெரிதாகும். லாஃப்ட் அதிகமுள்ள வெட்ஜில் நன்றாகத் தெரியும், லாஃப்ட் குறைந்த டிரைவரில் அவ்வளவாகத் தெரியாது.

ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய, அயர்ன் என்றால் 2 டிகிரி வளைப்பது பெரிய வேலையில்லை. வார்ப்பு என்றால் யோசித்துச் செய்யவேண்டும். கிளப்பின் நீளத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ லை ஆங்கிளும் மாறும். அரை அங்குலத்துக்குச் சுமார் 1 டிகிரி.

ஷாஃப்டின் விறைப்பைச் சொல்ல ரெகுலர், ஸ்டிஃப் என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அதற்குப் பொது அளவுகோலே கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டிஃப் இன்னொன்றின் ரெகுலர் மாதிரி இருக்கும். கைப்பிடியான கிரிப்பின் தடிமனையும் பிடித்துப் பார்த்தே சொல்லுங்கள்.

இன்னொன்று. ஃபிட்டிங்குக்கு, அதாவது உங்களுக்கேற்ற கிளப்பை அளந்து பார்க்க, போனால் வீரம் காட்டாதீர்கள். அளக்கும் மெஷின் பக்கத்தில் இருந்தால் எல்லோருக்கும் பலம் வந்துவிடுகிறது, எனக்கும்தான். வழக்கமாக எப்படி அடிப்பீர்களோ அப்படியே அடியுங்கள்.

சரி, என் கிளப்பின் லை ஆங்கிளை 2 டிகிரி தாழ்த்தியாயிற்று. இப்போது பந்து வலது பக்கம் போகிறது! பழைய கோளாறைச் சமாளிக்கப் பழகிய பிடி இன்னும் கையை விடவில்லை.