ஈப்பர் ஜவுளி மண்டபமும் நம் ஊர்ச் சாவடியும்

மதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, ஆறு மணிக் கூட்டத்துக்கு ஐந்தே முக்காலுக்கே வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தறிக்காரப் பெரியவர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. கைத்தறிதானா என்று தடவிப் பார்த்தேன். மேடை நாகரிகம் கருதி அதற்கு மேல் சொல்லவில்லை.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊரில் கம்பளித் துணி வாங்கி விற்ற ஜவுளி மண்டபம் எப்படிக் கட்டப்பட்டது, எப்படி அழிந்து மீண்டது, அந்தக் காலத்தில் துணிக்கு முத்திரை வைத்த முறை. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். ஆகவே சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

1200-ஐ ஒட்டித் தொடங்கி 1304-ல் முடித்த மண்டபம். முகப்பு மட்டும் ஏறக்குறைய 125 மீட்டர் நீளம். நடுவே 70 மீட்டர் மணிக்கூண்டு. தரைத்தளம் நெடுக வரிசையாக வாசல்கள். மேலே கூர்வளைவு ஜன்னல்கள், அதற்கும் மேலே செங்குத்தான கூரை. பக்கத்தில் ஈப்பர்லே ஆறு ஓடியது, இங்கிலாந்துக் கம்பளி படகிலேயே வந்து இறங்கும். இன்று அந்த ஆறு தெருவுக்கு அடியில் போகிறது. நம் ஊர் வாய்க்கால் நினைவுக்கு வருகிறதா?

கம்பளி இருக்கும் இடத்தில் எலி இருக்கும். அதனால் பூனை வளர்த்தார்களாம். சரக்கு விற்றுத் தீர்ந்ததும், பெருகிப்போன பூனைகளை மணிக்கூண்டிலிருந்து கீழே வீசுவார்களாம்! உயிருள்ள பூனையை வீசும் வழக்கம் 1817-ல் நின்றது. இப்போது மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர்வலம் நடத்தி, துணிப் பூனைகளை வீசுகிறார்கள்.

எங்கள் தாத்தா அப்படிச் செய்யவில்லை. கஞ்சி போட்ட பாவு நூல் என்றால் எலிக்கு விருந்துச் சாப்பாடு, உங்களுக்குத் தெரியாததா? எங்கள் வீட்டிலும் ஒரு பூனை இருந்தது. அது ஒரு மாசிமாதம் போயும் போயும் தறிக்குழியில், மிதிகட்டைக்குப் பக்கத்தில், நாலு குட்டி போட்டுவிட்டது. தாத்தா குழியில் கால் வைக்கவில்லை. ஒரு நாள், ரெண்டு நாள், பத்து நாள். தறியில் பாதியில் நிற்பதோ முகூர்த்தச் சேலை. பாவு கொடுத்த முதலாளி சைக்கிளில் வந்து வாசலில் நின்று, “சேலை என்னாச்சு?” என்று கத்துகிறார். தாத்தா திண்ணையை விட்டு எழுந்திருக்காமல், “மெதுவாப் பேசுங்க, உள்ளே பிள்ளைபெத்தவ படுத்திருக்கா” என்றார். முதலாளி பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, அரை ரூபாய் எடுத்து எங்கள் ஆயா கையில் கொடுத்து, “குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆயா அந்தக் காசுக்குப் பால்தான் வாங்கினாள். குடித்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிரித்தது போதும். முதல் உலகப் போரில், 1914 நவம்பர் 22 அன்று ஜெர்மானியப் பீரங்கிக் குண்டுகளில் மண்டபம் எரிந்தது. போர் முடிந்தபோது மணிக்கூண்டு வெறும் மொட்டையாக நின்றது. அந்த ஊரைச் சுற்றி நடந்த சண்டையில் நம் இந்திய வீரர்களும் மாண்டார்கள். நடந்துபோகும் தூரத்திலுள்ள மெனின் வாயில் என்ற போர் நினைவுச் சின்னத்தில் அவர்கள் பெயர்களும் உண்டு. இடிபாடுகளை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட வேண்டும் என்றார் சர்ச்சில். ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. போருக்கு முன்பே அந்த மண்டபத்தைச் செப்பனிட்டுவந்த கட்டடக் கலைஞர் கூமான்ஸ் முன்னின்று தொடங்கினார். அவர் 1937-ல் காலமான பிறகும் வேலை நடந்து, 1967-ல்தான் முடிந்தது. கல்லோடு கல்லாகப் பழகிய ஆள் ஒருவர் இருந்தார், பழைய படங்கள் இருந்தன. அதனால் முடிந்தது.

நம் நெசவாளர் சாவடிக்கு என்ன இருக்கிறது? கல்யாணப் போட்டோக்களில் பின்னால் தெரியும் ரெண்டு தூண். இடிப்பதற்குள் சாவடியை அளந்தாவது வைப்போம் என்றேன். “எதற்கு அளக்கணும், இடிக்கத்தானே போறோம்” என்று ஒரு பெரிய மனிதர் என்னிடமே கேட்டார். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றேன். “எந்தச் சித்திரம்?” என்றார்.

துணி முத்திரையைப் பற்றிச் சொல்வதற்குள் தலைவர் மணியடித்துவிட்டார். இன்னொரு மேடையில் பார்ப்போம். சாவடியை அளக்க, நகர்மன்றத் தலைவர் அம்மா அதன் சாவிக்குப் பொறுப்பேற்றிருக்கிறார்கள், கைதட்டுங்கள். ஞாயிறு காலை ஏழு மணி, சாவடி வாசல். முப்பது மீட்டர் நாடா என்னிடம் ரெண்டு இருக்கிறது. பிள்ளைகள் கட்டம்போட்ட நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். உத்தரத்தை அளக்க ஓர் ஏணி வேண்டும், யார் வீட்டில் இருக்கிறது?