சிறையில் தூக்கம் வராதது குற்ற உணர்ச்சியாலா?

போன வாரம் வந்த ஒரு கேள்வி என்னை இரண்டு நாளாகக் குடைந்துகொண்டே இருந்தது. "சிறையில் இருப்பவர்கள் தூக்கமில்லாமல் தவிப்பது, செய்த தப்பு உறுத்துவதால்தானே? அதற்கு எதற்கு மருத்துவர்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

உறுத்தல் சிலருக்கு இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விசாரணைக் கைதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மேல் குற்றமே இன்னும் நிரூபணமாகவில்லை. அவர் ஏன் தவிக்கிறார்? வழக்கமாகச் சொல்வதுதான், பழைய நேயர்கள் சிரிப்பீர்கள்: மனசுக்கு ஒரு தேதி வேண்டும். ஐந்து வருடத் தண்டனை என்றால் சுவரில் கோடு கிழித்து எண்ணலாம். வாய்தாவுக்கு மேல் வாய்தா விழுகிறவர் எதை எண்ணுவார்? வெளியே மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், இறங்கியதா என்று தெரிய வீட்டார் வந்து பார்க்கும் அடுத்த நாள் வரவேண்டும். அதுவரை இரவெல்லாம் அந்தக் காய்ச்சல்தான். உள்ளே போன முதல் சில நாட்களில் தற்கொலை ஆபத்து அதிகம் என்பது சும்மா இல்லை.

தனிமைச் சிறைக்குக்கூட கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகள் ஓர் எண் வைத்திருக்கின்றன: தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது.

சரி, மருத்துவர் எதற்கு? சுமார் 23,000 கைதிகளைப் பற்றிய 62 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஏழு பேரில் ஒருவருக்குக் கடும் மனநோயோ தீவிர மனச்சோர்வோ இருந்தது. இதைப் போய் உறுத்தல் என்று விட்டுவிட முடியுமா?

என்னைக் கேட்டால், வெளியே வந்த பிறகு என்ன ஆகிறது என்றுதான் அந்த நேயர் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றிய ஆய்வு 2007-இல் வெளியானது. முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12 மடங்குக்கு மேல். போதைமருந்து அளவு மீறிப்போனதுதான் பெரிய காரணம். அங்கே வாசல் வரை காவல் உண்டு, வாசலுக்கு அப்புறம் யாரும் இல்லை.

பல வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்த ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். பேசி முடித்து எழுந்தார். கதவு சும்மாத்தான் சாத்தியிருந்தது, தள்ளினால் திறக்கும். அவர் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏதோ மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, "யார் சார் திறப்பாங்க?" என்றார்.